வம்சாவளியில் இல்லாத அத்தை

எனக்கு மார்புல புத்துநோய்னு தெரிஞ்சதும் ஜனங்க என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி "எப்படி இருக்கே?" இல்லீங்க. "புள்ளைக்குப் பால் குடுத்தியா, இல்லையா?"ங்கறதுதான். பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவங்க கேட்டாங்க. ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிட்டுப் பாக்க வந்த ஒறம்பரை சொந்தக்காரங்க கேட்டாங்க. கம்பெனி வாட்ச்மேன் நேராக் கேக்க வெக்கப்பட்டுட்டு, சம்சாரத்தை விட்டுக் கேட்டாரு. அதனால முதல்லயே சொல்லிடறேன். மூணு மாசம் குடுத்தேன். அதுக்கு மேல குடுக்கல. போதுங்களா? இனி மிச்சத்தைக் கேளுங்க.

என் பேரு பூங்கொடி. வயசு முப்பத்தேழு. முதலிபாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். தைச்சு வர்ற பீஸை விளக்கு வெளிச்சத்துல விரிச்சு, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாக்கற வேலை. பழுது இருக்கற எடத்துல சின்னதா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்டால போட்டுருவோம். பதினாலு வருஷமா இதே வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸும் போகாதுன்னு முதலாளியே சொல்லுவாரு. அப்படிப்பட்டவ உடம்புல நெல்லிக்காய் அளவுக்கு ஒண்ணு வளந்திருக்குது, நான் பாக்கல. ஒரு ஞாயித்துக்கெழமை தலைக்குக் குளிக்கறப்ப கையில தட்டுச்சு. வலது மார்ல, அக்குள் பக்கமா. வலிக்கல. வலிக்காததுனால பயப்படல. வலிச்சாத்தான் சீக்குன்னு நாம நினைச்சுட்டு இருக்கறோம். அது தப்புங்க.

அப்போ ஷிப்மென்ட் நேரம். ஆறு வாரம் தள்ளிப் போட்டேன். அப்பறமாத்தான் என் வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு பேரு சக்திவேல், வேற ஒரு கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பேச்சு கம்மி. "நாளைக்கே போலாம் பூவு"ன்னு மட்டும் சொன்னாரு. ஆறு வாரம் ஏன் சொல்லலைன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

கோயமுத்தூருக்குப் போனோம். மேமோகிராம்னு முதல்ல. அது வேற ஒண்ணுமில்ல, மாரை ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்கி எடுக்கற எக்ஸ்ரே. அப்பறம் ஸ்கேன். அப்பறம் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு தடிமனான ஊசியால கட்டியில இருந்து துளி சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. எடுக்கறப்ப ஸ்டேப்ளர் அடிக்கற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்கு ஒருதடவை திடுக்குன்னுச்சு, அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் டோக்கன் எடுத்துட்டு, நாற்காலியில ஒக்காந்து, நம்பர் கூப்பிடற வரைக்கும் எதிர்ச் சுவத்தைப் பாக்கறது. அந்த ஒரு வாரத்துல அந்தச் சுவத்துல எங்கெங்க பெயின்ட் உரிஞ்சிருக்குதுன்னு எனக்கு மனப்பாடம்.

ரிசல்ட் வந்த அன்னைக்கு டாக்டரம்மா நிதானமாச் சொன்னாங்க. "இதுல பல வகை இருக்குதுங்க. சில வகை, பொம்பளைங்க உடம்புல சுரக்கற ஹார்மோனை வச்சு வளரும். அதை மாத்திரை குடுத்து அடக்கலாம். உங்களுக்கு அந்த வகை இல்ல. மூணு விசயத்தைத் தேடுனோம், மூணும் இல்லைன்னு வந்திருக்குது. அதனால முதல்ல கீமோ, அப்பறம் ஆபரேஷன்."

"சரிங்க"ன்னேன். டிபன் பாக்ஸை பஸ்ஸுலயே விட்டுட்டு வந்துட்டமோன்னு அந்நேரத்துக்கு ஒரு யோசனை. அது எவர்சில்வர் பாக்ஸு, கல்யாணத்துக்கு வந்தது. பக்கத்துல சக்திவேல் மேசை ஓரத்தை இறுக்கிப் புடிச்சுட்டு இருந்தாரு. எனக்கு ஒண்ணும் தோணல. பல்லு புடுங்க ஊசி போட்டா, கன்னம் அங்கதான் இருக்கும், ஆனா நம்முளுது மாதிரியே இருக்காது பாருங்க. அப்படி ஆயிப்போச்சு மனசு. அழுகணும்னு முயற்சி பண்ணிப் பாத்தேன். வரல.

"உங்க குடும்பத்துல யாருக்காச்சும் மார்புலயோ சினைப்பையிலயோ புத்துநோய் வந்திருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க"ன்னு பட்டுனு சொன்னேன். அம்மா நான் கல்யாணம் ஆன வருஷமே மாரடைப்புல போயிட்டாங்க. அம்மா கூடப் பொறந்த மூணு பேரும் கல்லாட்டம் இருக்கறாங்க. நான் பொய் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

கீமோ மூணு வாரத்துக்கு ஒருக்கா. சிவப்பா ஒரு மருந்து, ரத்தக் குழாய் வழியா மெதுவா ஏத்துவாங்க. ரெண்டாவது ஊசிக்கு முன்னாடியே முடி கொத்துக் கொத்தா வந்துருச்சு. மண்டையில துணி பட்டாலே எரியும். சக்திவேல் கட்டிங் டேபிள்ல மிச்சப்பட்ட மெதுவான பனியன் துணியைக் கொண்டாந்து, தையல் உள்பக்கம் உரசாத மாதிரி எனக்குத் தொப்பி தைச்சாரு. வெள்ளை, சாம்பல், ரோஸ்னு. ஆறு வயசு மக யாழினி தினமும் காலையில "இன்னைக்கு எந்தக் கலரும்மா?"ன்னு எடுத்துக் குடுப்பா. அந்தத் தொப்பி கதை வார்டு முழுக்கப் பரவி, அவரு இன்னும் ஒரு டஜன் தைச்சுக் குடுத்தாரு. அந்த மனுசனுக்கு வாயில வராதது கையில வரும்.

என் மாமியாரு மட்டும் ஒரே பல்லவி. பாக்க வர்றவங்க செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுருவாங்க. "முப்பத்தொரு வயசுல தல புள்ளை. அதோட நிறுத்தியாச்சு. அதுக்கும் மூணு மாசத்துல பாலை மறக்கடிச்சுட்டு, ஷிப்மென்டு ஷிப்மென்டுன்னு ஓடுனா. கட்டுன பாலு கட்டியாகாம என்ன பண்ணும்?" சொல்லி முடிச்சுட்டு எனக்குக் கம்மங்கூழ் கரைச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க. கெட்டவங்க இல்ல. எதுனாலன்னு தெரியாத ஒண்ணை வீட்டுக்குள்ள வச்சுக்க அவங்களால முடியல. நானும் உள்ளுக்குள்ள அதையேதான் நம்பிட்டு இருந்தேன். அன்னைக்கெல்லாம் கம்பெனி பாத்ரூம்ல பாலைப் பீச்சிக் கீழ ஊத்தியிருக்கறேன். அதுக்குத்தான் இதுன்னு நினைச்சேன்.

கீமோ ஏத்தற எடத்துல பக்கத்து நாற்காலி எஸ்தர் அக்கா. தூத்துக்குடி பக்கத்துல இருந்து வந்து, இருபது வருஷமா திருப்பூர்ல ஓவர்லாக் டைலர். என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒருநாள், "ஏ தங்கச்சி, என்னத்துக்கு மூஞ்சிய உம்முன்னு வச்சுட்டு இருக்க? கப்பலா கவுந்துட்டு?"ன்னாங்க. நான் பால் விசயத்தைச் சொன்னேன். எஸ்தர் அக்கா ஊசி போட்ட கையை ஆட்டிட்டுச் சிரிச்சாங்க. நர்ஸு ஓடி வந்து அதட்டற வரைக்கும் சிரிச்சாங்க.

"நான் நாலு பெத்தேன். நாலுக்கும் ரெண்டு ரெண்டு வருசம் பாலு. கடைசிப் பய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்து கூட குடிச்சான். எனக்கும்தான் வந்துட்டுல்லா? ஒங்க மாமியாக்காரிய எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிடுதேன்."

அன்னைக்கு நானும் சிரிச்சேன். சத்தம் மட்டும் என் வாயில இருந்து வந்துச்சு, மனசுல இருந்து வரல.

சின்ன வயசு, அதுலயும் இந்த வகைங்கறதுனால மரபணு டெஸ்ட் பண்ணணும்னு டாக்டரம்மா முதல்லயே சொல்லியிருந்தாங்க. காப்பீட்டு அட்டையில அது வராதுங்கறதால ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு. அதுக்குன்னு ஆஸ்பத்திரியில ஒரு ஆலோசகர் இருந்தாங்க, சின்னப் பொண்ணு, பொறுமைசாலி. "மூணு தலைமுறைக்காச்சும் உங்க குடும்ப விவரம் வேணுங்க. அம்மா வழி, அப்பா வழி ரெண்டும்"னாங்க.

"அப்பா வழி எதுக்குங்க? இது பொம்பளைச் சீக்குதானுங்களே?"

"நெறையப் பேரு அப்படித்தான் நினைக்கறாங்க. அப்பாகிட்ட இருந்தும் வரும்"னாங்க.

எங்கப்பா பல்லடம் பக்கத்துல கோழிப் பண்ணை வச்சிருக்கறாரு. வயசு அறுவத்தாறு. எனக்குச் சீக்குன்னு தெரிஞ்சதுல இருந்து, ஆஸ்பத்திரிக்கு வர்றதும், எளநியை வச்சுட்டு மூலையில நிக்கறதும், பஸ் ஏறிப் போறதுமா இருந்தாரு. "அப்பா, ஆஸ்பத்திரியில நம்ம வம்சாவளி கேக்கறாங்க"ன்னு போன்ல சொன்னதும் குரலே மாறிடுச்சு. தன்னால ஆகற காரியம் ஒண்ணு கெடைச்சுதேன்னு அவருக்கு. "அதுக்கென்ன கண்ணு, அக்குவேறு ஆணிவேறா நம்மகிட்ட இருக்குது!"ன்னாரு.

அடுத்த ஊசிக்கு வெள்ளை வேட்டி, மஞ்சப் பையோட வந்தாரு. பைக்குள்ள குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலர். எங்க கூட்டத்தோட வம்சாவளியை அதுல வழவழ தாள்ல அச்சடிச்சிருப்பாங்க. கூட்டம்னா ஒரே ஆணுக்கு வாரிசா வந்த பங்காளிங்க எல்லாரும். ஆலோசகர் மேசை மேல அதை விரிச்சு, பெருமையா ஒவ்வொரு பேராப் படிச்சாரு. தாத்தா, அவரோட அப்பா, அவரோட அப்பான்னு ஒம்பது தலைமுறை. அந்தப் பொண்ணு காகிதத்துல வரைஞ்சுட்டே வந்தாங்க. ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டமாம். சித்தெ நேரத்துல காகிதம் முழுக்கச் சதுரம்.

"ஐயா, ஒரு வட்டம் கூட வரலீங்களே?"

"பொம்பளைங்களைக் கேக்கறீங்களா? அவிய கட்டிக் குடுத்தா வேற கூட்டத்துக்குப் போயிருவாங்களேம்மா. அது இதுல வராதுங்க."

"பொறந்தது உங்க வீட்லதானுங்களே?"

அப்பா என்னைப் பாத்தாரு. நான் அப்பாவைப் பாத்தேன். அந்நேரத்துலதான் எனக்கு உறைச்சுது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க"ன்னு நான் டாக்டர்கிட்டச் சொன்னப்ப, என் மனசுல இருந்த குடும்பமும் இந்தப் புத்தகம்தான். கட்டிக் குடுத்த பொண்ணுக்குச் சீர் செய்வோம், நோம்பி பண்டிகைக்குக் கூப்பிடுவோம், வந்தா கறி ஆக்கிப் போடுவோம். குடும்பத்துல எத்தனை பேருன்னு கேட்டா எண்ண மாட்டோம்.

"உங்க கூடப் பொறந்தவங்க, ஐயா?"

"ஒரு தங்கச்சிங்க. சரசு. செத்துப் போயிட்டா. முப்பத்தெட்டு வயசு."

"எதனாலங்க?"

"மஞ்சக்காமாலைங்க."

எனக்கும் அதுதான் தெரியும். சரசு அத்தை போனப்ப எனக்குப் பதினாலு வயசு. ஆலோசகர் எழுதிட்டு, பேனாவைக் கீழ வச்சுட்டு, "ஐயா, உங்க பொண்ணுக்கு வைத்தியத்தை முடிவு பண்ணத்தான் கேக்கறேன். வேற எதுக்கும் இல்லீங்க"ன்னாங்க. அப்பா மஞ்சப் பையை மடிச்சாரு, பிரிச்சாரு, மறுபடி மடிச்சாரு. என் பக்கம் திரும்பாமயே சொன்னாரு.

"மார்ல கட்டிங்க. புண்ணாயிப் போச்சு. எங்கப்பாவோட அக்கா ஒருத்தங்களும் வயித்துல கட்டி வந்து, தண்ணி கோத்துப் போனாங்க. வெளிய சொல்லலீங்க. கட்டிக் குடுக்கற மாதிரி ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருந்துச்சுங்க. சொன்னா யாருங்க கட்டுவா?"

ரெண்டு பொட்டப்புள்ளைங்கன்னா ஒண்ணு நான். இன்னொண்ணு சரசு அத்தை மக மகேசு. அவளுக்கும் என் வயசுதான். ஆலோசகர் சரசு அத்தைக்கு ஒண்ணு, தாத்தாவோட அக்காவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வட்டம் போட்டு, சீக்கு வந்தவங்கங்கறதுக்கு அதைக் கறுப்பா நிரப்புனாங்க.

ஒரு மாசத்துல ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. மரபணுவுல பழுது இருக்குதுன்னு. பி.ஆர்.சி.ஏ.ன்னு ஒரு மரபணு, எல்லாரு உடம்புலயும் இருக்கறதுதானாம். செல்லு ஒண்ணு ரெண்டாகறப்ப நடக்கற தப்பைத் திருத்தறதுக்கு உதவறது அதோட வேலை. நான் உடனே செக்கிங் டேபிளை நினைச்சேன், எனக்கு வேற என்ன தெரியும்? அந்த மரபணுவுலயே பழுது இருந்தா, தப்பு தப்பாவே நின்னு சேந்துட்டுப் போகும். அது அம்மாகிட்ட இருந்தும் வரலாம், அப்பாகிட்ட இருந்தும் வரலாம். ஒவ்வொரு புள்ளைக்கும் காசு சுண்டற மாதிரி, பாதிக்குப் பாதி. ஆம்பளைங்களுக்கு அதனால சீக்கு வர்றது கம்மி, அதனால வெளிய தெரியாம அவங்க வழியா எறங்கி வந்துரும். எங்கப்பா கோழிக்குத் தீவனம் போட்டுட்டு நல்லாத்தான் இருக்கறாரு.

"அப்போ பால் குடுக்காததுனால இல்லீங்களா?"ன்னு கேட்டேன். ஏழாவது தடவையாக் கேக்கறேன்னு சக்திவேல் அப்பறமாச் சொன்னாரு.

டாக்டரம்மா மழுப்பல. "சின்ன வயசுலயே வயசுக்கு வர்றது, முதல் புள்ளையைத் தள்ளிப் பெக்கறது, பெக்காமலே இருக்கறது, இதெல்லாம் ஆபத்தைச் சித்தெ கூட்டும். ஹார்மோன் மார்ல எத்தனை வருஷம் எப்படி வேலை செய்யுதுங்கறதைப் பொறுத்தது அது. நெறைய நாள் பால் குடுத்தா சித்தெ குறையும். ஆனா குடுத்தா வரவே வராதுன்னும் இல்ல, குடுக்காட்டி வந்துரும்னும் இல்ல. ஒருத்தரைப் பாத்து உனக்கு இதனாலதான்னு விரல் நீட்ட யாராலயும் முடியாது. உங்களுக்குப் பெரிய காரணம் இந்த மரபணு. பாத்ரூம்ல ஊத்துன பாலை இனி மறந்துருங்க."

நிம்மதி வரும்னு காத்திருந்தேன். வரல. வீட்டுக்கு வந்து மாமியாருகிட்டச் சொன்னேன். அவங்க, "அப்ப உங்கப்பன் வீட்டுச் சீக்கா?"ன்னாங்க. அதோட எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குள்ள போயிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு நாளும் பால் பேச்சு எடுக்கல.

ஆனா ஆலோசகர் சொன்ன இன்னொண்ணு என்னை விடல. "உங்க அத்தை பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குது. இன்னும் ஒண்ணும் வராம இருந்தா, இப்பவே தெரிஞ்சுக்கறது அவங்க உசுரைக் காப்பாத்தும். தயவுசெஞ்சு சொல்லிருங்க."

வராண்டாவுல அப்பா என் கையைப் புடிச்சுட்டாரு. "மகேசுகிட்டப் போகாத கண்ணு. பதினஞ்சு வருஷமாக் குடும்பம் பண்ணிட்டு இருக்கறா. அவ மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா, பொய் சொல்லிக் கட்டி வச்சோம்னு பேசுவாங்க. அந்தப் புள்ளை வாழ்க்கை போயிரும்."

"தெரியாமச் செத்தாப் பரவால்லீங்களாப்பா?"

அப்பா அப்படியே பெஞ்சுல ஒக்காந்துட்டாரு. கையை மட்டும் விடல. "போகாத சாமி"ன்னு மறுபடியும் சொன்னாரு.

மகேசு குண்டடத்துக்கு அக்கட்டால ஒரு தோட்டத்துல இருக்கறா. நோம்பி நாள்ல போன் பண்ணிப் பழமை பேசிக்குவோம். என்னைப் பாக்க ஊரே வந்துச்சு, அவ மட்டும் வரல. அந்த மனத்தாங்கல் எனக்கு இருந்துச்சு. இருந்தாலும் கடைசி ஊசிக்கு முந்தின வாரம், சக்திவேலோட கூட்டாளி காருல நானும் அவரும் போனோம்.

மகேசு களத்துல ஒக்காந்து முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிட்டு இருந்தா. என் தொப்பியைப் பாத்ததும் கை நின்னுருச்சு. எந்திரிக்கல. "வா பூவு"ன்னு சொன்னா, சத்தமே இல்ல. சக்திவேல் அவ மாப்பிள்ளையோட கெணத்துப் பக்கம் போயிட்டாரு. நான் வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டு வந்ததை ஒப்பிச்சேன். உங்கம்மாவுக்கு வந்தது மஞ்சக்காமாலை இல்ல மகேசு, மார்ல கட்டி, மறைச்சுட்டாங்க, இது மரபணுல வர்றது, எனக்கு இருக்குது, உனக்கும் இருக்கலாம்னு.

அவ முருங்கைக்காயையே பாத்துட்டு இருந்தா. "எனக்குத் தெரியும் பூவு"ன்னா.

"என்ன தெரியும்?"

"எங்கம்மாவுக்கு நாந்தானே கட்டுப் போட்டேன். நாத்தம் தெரியக் கூடாதுன்னு வேப்பெலை போட்டுக் காய்ச்சுன தண்ணியில தொடைச்சு விட்டு, பழைய சீலையைக் கிழிச்சுக் கட்டுவேன். அம்மா போன அன்னைக்கு மாமா என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாரு. வெளிய சொன்னா பூவுக்கும் கல்யாணம் ஆகாது, உனக்கும் ஆகாதுன்னாரு. பண்ணுனேன்."

மாமான்னு அவ சொல்றது எங்கப்பாவை. போகாதன்னு அவரு ஏன் கெஞ்சுனாருன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

"கல்யாணம் ஆன அடுத்த வருஷம் டிவியில ஒரு டாக்டரம்மா, அம்மாவுக்கு இருந்தா மகளும் பாத்துக்கோணும்னு பேசுனாங்க. அதுல இருந்து வருஷா வருஷம், தைராய்டு பாக்கப் போறேன்னு சொல்லிட்டுத் தனியாப் போயி மாருக்கு ஸ்கேன் எடுத்துட்டு வர்றேன். இந்த வருஷமும் எடுத்தேன். ஒண்ணுமில்லைன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மகேசு."

அப்பத்தான் நிமிந்து பாத்தா. "சத்தியத்துக்குப் பயந்து மட்டும் இல்ல பூவு. உனக்கு வரும்னு எனக்குத் தோணவே இல்ல. எங்கம்மா சீக்கு எனக்குத்தானே? நீ வேற கூட்டமாச்சே. உனக்கு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டப்பத்தான் தலையில இடி எறங்குச்சு. எந்த மூஞ்சியை வச்சுட்டு உன்னைப் பாக்க வர்றது, சொல்லு?"

எனக்குக் கோவம் வந்திருக்கோணும். ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வருஷா வருஷம் பாத்திருப்பேன், கடுகளவுல புடிச்சிருக்கலாம். அது எனக்கு நல்லாவே தெரியுது. ஆனா கோவம் வரல. "சித்தெ தண்ணி குடு"ன்னேன். குடிச்சேன். "ரத்த டெஸ்ட் எடுத்தா இருக்குதா இல்லையான்னு நேராத் தெரிஞ்சுரும். உன் மாப்பிள்ளைகிட்ட இன்னைக்கே சொல்லு, நான் இருக்கறப்பவே சொல்லு"ன்னேன்.

சொன்னா. அவரு தொட்டியில கை கழுவிட்டு இருந்தாரு. கழுவறதை நிறுத்திட்டுக் கேட்டாரு. இருபத்துமூணு வருஷமா எங்கப்பா எதுக்குப் பயந்தாரோ, அது இப்ப வெடிக்கும்னு நான் நின்னுட்டு இருக்கறேன். அவரு துண்டுல கையைத் தொடைச்சுட்டு, "இத்தனை வருஷமாத் தனியாவா போயிட்டு வந்தே?"ன்னாரு. "உனக்குக் கூறு இருக்குதா? கூட வான்னா வரமாட்டனா?" அவ்வளவுதான். ரெண்டு நாள்ல ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

அப்பாகிட்ட மகேசு எல்லாஞ் சொல்லிட்டான்னு சொன்னேன். அவரு துண்டை வாயில வச்சுட்டு அழுதாரு. "உங்க ரெண்டு பேருக்கும் நல்லது நடக்கோணும்னுதான் சாமி பண்ணுனேன்." தெரியுங்கப்பான்னேன். நெசமாவே தெரியும். கெட்டது பண்ணியிருந்தா ஒருநாள் நல்லாத் திட்டியாச்சும் முடிச்சிருப்பேன்.

ஆபரேஷன்ல ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க. இன்னொரு பக்கமும் வர்றதுக்கு வாய்ப்பு எச்சுன்னு எடுத்துச் சொன்னாங்க, நானேதான் ரெண்டும்னு முடிவு பண்ணுனேன். இந்தப் பழுது இருந்தா சினைப்பையிலயும் வரலாம், நாப்பது வயசுக்குள்ள அதையும் எடுத்துரோணும். இன்னொரு புள்ளைங்கற பேச்சு அதோட முடிஞ்சுது. யாழினிக்குத் தம்பின்னு ஒருத்தன் வந்தா வைக்கறதுக்கு ஒரு பேரு எடுத்து வச்சிருந்தேன், அதை இங்க சொல்ல மாட்டேன். யாழினிக்கும் பாதிக்குப் பாதிதான். பெரியவளானதும் டெஸ்ட் பண்ணறதா வேண்டாமான்னு அவளே முடிவு பண்ணட்டும். ஆனா மறைச்சு எவனுக்கும் கட்டிக் குடுக்க மாட்டேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போறவன் போகட்டும், காபித் தண்ணி செலவோட போச்சு.

ஆபரேஷன் ஆயி எட்டாம் நாள். புண்ணுல இருந்து தண்ணி வடியறதுக்கு ரெண்டு பக்கமும் குழாய் தொங்குது. அப்பா பக்கத்துல ஒக்காந்து கமலாப் பழம் உரிச்சுட்டு இருக்கறாரு. மத்தியானம் மகேசு போன் பண்ணுனா. ஒரே அழுகை. இவளுக்கும் இருக்குதுன்னு நினைச்சுட்டேன்.

"எனக்கு இல்லையாம் பூவு. அந்த மரபணுப் பழுது எனக்கு இல்லையாம். எங்கம்மாகிட்ட இருந்து எனக்கு வரலையாம்."

"அப்படியா"ன்னேன். போனைக் கட் பண்ணிட்டேன்.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஒம்பது மாசமா மரத்துக் கெடந்த மனசுல முதல்ல வந்து நின்னது பொறாமை. சந்தோஷம் இல்லீங்க, பொறாமை. பெத்த அம்மாவுக்குச் சீக்கு வந்தவளுக்கு இல்ல, எங்கயோ அத்தைக்கு வந்தது எனக்கு இருக்குது. வருஷா வருஷம் பயந்து பயந்து பாத்துட்டு இருந்தவளுக்கு இல்ல, ஒண்ணுமே தெரியாம இருந்த எனக்கு இருக்குது. அவ ரெண்டு மாரோட இருப்பா. அவ புள்ளைங்களுக்கும் அந்தப் பழுது போகாது. அவ உசுரோட இருக்கோணும்னு நாந்தானே வெயில்ல போயிச் சொன்னேன்? எனக்கே என்னைப் பாத்தா அருவருப்பா இருந்துச்சு. அப்பறம் அழுதேன். கத்தி அழுதேன். அப்பா கையில இருந்த பழத்தோட பயந்து எந்திரிச்சுட்டாரு. குழாய் வலிக்குதாக்கும்னு நர்ஸு ஓடி வந்தாங்க. சக்திவேல் வந்து என் தலை மேல கையை வச்சுட்டு நின்னாரு. ஒரு மணி நேரம் இருக்கும். வயிறு வலிக்க அழுதேன்.

ஓய்ஞ்சதும் நானே போன் பண்ணுனேன். ஒரே ரிங்குல எடுத்தா.

"மகேசு, உனக்கு இல்லைங்கறது எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கோணும். இன்னும் வரல. வந்ததும் கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம்.

"வராட்டியும் கூப்புடு"ன்னா.